வேரோனிக்கா அன்ரியின் பச்சைத் தெறிகள்

வேரோனிக்கா அன்ரிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மன்னார்ப் பக்கத்துப் பெண். ஸ்படைனா தெருவில் ஒரு கோட்டுத் தொழிற்சாலையில் தெறி தைக்கும் மெஷினில் வேலை. தெறி என்றால் பொத்தான். ஒரு கோட்டுக்குப் பதினொரு வினாடிக்குள் ஐந்து தெறி தைத்துவிடுவார் என்று அவருடைய புருசன் அகஸ்ரின் அங்கிள் கடிகாரத்தோடு நின்று பார்த்த மாதிரிச் சொல்லுவார். அவர் அங்கே போனதேயில்லை. அவருக்கு இரவில் ஒரு பேக்கரியில் மா பிசையும் வேலை; பகலில் நித்திரை.

வெக்ஸ்போர்ட் பகுதியில், லோறன்ஸ் அவெனியூவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மூன்று மாடிக் கட்டடங்கள் இரண்டு முன்னும் பின்னுமாக நிற்கின்றன. முன் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் அன்ரியின் குடும்பம். அதே மாடியில் எதிர்க் கதவு எங்களுடையது: அப்பா நாகமணி, அம்மா தெய்வநாயகி, நான் ரதி. நாங்கள் மட்டக்களப்பிலிருந்து எண்பத்து மூன்றின் கடைசியில் இந்தப் பனி நாட்டுக்கு வந்தவர்கள். அப்பாவுக்குத் தபால் பிரிக்கும் வேலையும் ஒரு நீளமான பழைய காரும் இருந்தன. அந்தத் தெருவில் இரண்டும் பெரிய விசயம்.

இதை எழுதும்போது நான் பதின்மூன்றாம் வகுப்பை முடித்துவிட்டு டோனட் கடையில் நிற்கிறேன். அடுத்து என்ன செய்வது என்று ஒவ்வொரு கிழமையும் வேறொரு முடிவு எடுக்கிறேன். அன்ரியைப் பற்றி எழுதவேண்டும் என்ற முடிவு மட்டும் மாறவில்லை.

அந்த நாளில் எங்கள் ஒருவரிடமும் கையில் காசு நிற்காது. சம்பளம் வந்தால் வாடகைக்குப் போகும், ஊருக்குப் போகும், விமான ரிக்கெற்றுக்குப் பட்ட கடனுக்குப் போகும். ஆனால் எல்லோருக்கும் கையும் காலும் இருந்தன. அன்ரிக்குப் பகலில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். அம்மா வீட்டில் இருந்தார். அம்மாவுக்குப் பாரம் தூக்க ஆள் வேண்டும். காசு கொடுத்துத்தான் ஒருவரை ஒருவர் உதவிக்குக் கூப்பிடலாம் என்றால் எல்லோரும் சும்மா இருக்கவேண்டியதுதான்.

அன்ரியின் தொழிற்சாலையில் ஒரு வகைக் கோட்டுத் தைப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்கென்று வந்த கரும்பச்சைத் தெறிகள், ஓரத்தில் பித்தளை வளையம் வைத்தவை, ஒரு பை மிஞ்சிவிட்டன. அன்ரி மேற்பார்வையாளரான போர்மனிடம் கேட்டு அதைக் கொண்டுவந்தார். எண்பத்தைந்தில் அவரும் அம்மாவும் அந்தத் தெறிகளை வைத்துக் கொடுக்கல் வாங்கல் தொடங்கினார்கள். ஒரு நாள் பிள்ளை பார்த்தால் மூன்று தெறி. அப்பாவின் காரில் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போய்வந்தால் மூன்று தெறி. ஒரு கோப்பை, அதாவது ஒரு தட்டு, சோறு கறி ஒரு தெறி.

பின் கட்டடத்தின் கீழ் வீட்டில் ஆறு பெடியன்கள் எண்பத்தாறில் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் எங்கள் பக்கத்தவர்கள். அவர்களுக்கு மூத்தவன் தம்பிமுத்து. தலைமயிர் வெட்டுவான், எதையும் தூக்குவான், கொஞ்சம் ரோசக்காரன். அவனுக்கு அடுத்தவன் பாக்கியராசா, எந்நேரமும் பசி. வேலை செய்யும் அனுமதிக் கடிதம் ஒருவருக்கும் வந்திருக்கவில்லை. அவர்கள் தங்களுக்கென்று வேறு காசு வைத்திருந்தார்கள்: தம்பிமுத்து கையெழுத்து வைத்த கடதாசித் துண்டு. 'இதைக் கொண்டுவருபவருக்கு ஒரு வேலை செய்து தரப்படும்.' அதைக் கொடுத்து அன்ரியிடம் சாப்பாடு வாங்கினார்கள். அன்ரி அதை அம்மாவுக்குக் கொடுப்பார். அம்மா அவர்களைக் கூப்பிட்டு வேலை வாங்குவார்.

பனிக்காலத்தில் ஒரு துண்டுக்கு ஒரு கோப்பை சோறு. கார் பனிக்குள் புதைந்து கிடக்கும்போது பனி அள்ளும் ஆறு சவலும் ஆறு பெடியன்களும் சும்மா விசயமா? வெயில் காலத்தில் துண்டின் மதிப்பு விழுந்துவிடும்; இரண்டு துண்டு கொடுத்தால்தான் ஒரு கோப்பை. ஆனால் ஒரு நன்மையும் இருந்தது. துண்டு மலிந்தால் அம்மாவுக்குக் கை துருதுருக்கும். "ஒரு தெறிக்கு ரெண்டு வேலையா? காபெற்றக் கழுவுங்க, திரைச்சீலையக் கழற்றுங்க, அலுமாரிய இஞ்சால நகர்த்துங்க." பெடியன்கள் அரை விலைக்கு என்றாலும் இரண்டு மடங்கு வேலை செய்து பசியில்லாமல் இருந்தார்கள்.

அந்த அரை விலைதான் தம்பிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. எண்பத்தேழு சனவரியில், பனி மலைமலையாகக் கொட்டி, அவர்களுடைய துண்டு தங்கம் மாதிரி இருந்த நேரத்தில், அவன் அன்ரியின் குசினிக்கு வந்தான்.

"அக்கா, எங்களையும் தெறியில சேருங்க. ஒரே காசு, ஒரே விலை. நாங்க மட்டும் என்ன அரைவாசி மனிசரா?"

அன்ரிக்கு அது நியாயமாகப் பட்டது. எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. எல்லாம் நன்றாக இருக்கும்போது சேருவது சுலபம். அன்ரி மூன்று வீட்டுக்கும் நாற்பது நாற்பதாக நூற்றிருபது தெறி எண்ணி வைத்தார். ஒரு பக்கம் தன்னுடைய அந்தோனியார் சிலை, மறுபக்கம் எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிள்ளையார் படம். இரண்டுக்கும் முன்னால், எல்லோரும் சம்மதிக்காமல் ஒரு தெறிகூடப் பையிலிருந்து எடுக்கமாட்டேன் என்று சொன்னார். பிறகு விலைகளை ஒரு தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினார். பிள்ளை பார்க்க மூன்று, கார் மூன்று, சோறு ஒன்று, எந்தத் தூக்குவேலையும் பனிவேலையும் ஒன்று. தம்பிமுத்து அதைப் படித்துவிட்டுத் தன்னுடைய கடதாசித் துண்டுகளையெல்லாம் கிழித்து எறிந்தான். பாக்கியராசா அன்றைக்கு மூன்று கோப்பை சாப்பிட்டான்.

இனி கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன்; இது விளங்காவிட்டால் மற்றதும் விளங்காது. பெடியன்கள் வெள்ளி, சனி, ஞாயிறு அன்ரியிடம் சாப்பிடுவார்கள். கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, பதினெட்டுத் தெறி. அந்தப் பதினெட்டையும் அன்ரி எங்களுக்குக் கொடுப்பார்: ஐந்து நாள் பிள்ளை பார்க்கப் பதினைந்து, ஞாயிறு தேவாலயத்துக்குக் கார் மூன்று. நாங்கள் அந்தப் பதினெட்டையும் பெடியன்களுக்குக் கொடுத்தால் வட்டம் சரி. பனிக்காலத்தில் கொடுத்தோம். ஏப்பிரல் வந்தது. பனி போனது. எங்களுக்கு உடுப்புத் தோய்க்கக் கொண்டுபோகவும் தலைமயிர் வெட்டவுமாக எட்டுத் தெறி வேலைதான் இருந்தது. மிச்சம் பத்து அப்பாவின் பிஸ்கற் தகரப் பேணிக்குள் போனது.

அம்மா காபெற் கழுவவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. "முழுத்தெறி குடுத்துக் கழுவுற அளவுக்கு அதில என்ன ஊத்தை?" என்றார். அரைத் தெறிக்குச் செய்யலாம் என்று தம்பிமுத்து சொல்லவும் முடியாது. பிரிட்ஜில் விலை ஒட்டியிருக்கிறது, கேட்டவனும் அவனேதான்.

ஆகவே, யூனில் பெடியன்களின் தெறி தீர்ந்ததும் அப்பா கடன் கொடுத்தார். பேணியிலிருந்து கிழமைக்குப் பத்தளவில். அது சாப்பாடாகி, பிள்ளை பார்த்த கூலியாகி, திரும்பப் பேணிக்குள் வந்தது. அடுத்த கிழமை அதே பத்தை மறுபடியும் கடன் கொடுத்தார். அப்பாவுக்கு இதில் ஒரு சந்தோசம். தபால் கந்தோரில் அவரை ஒருவரும் 'சேர்' என்று சொல்வதில்லை. பின் கட்டடத்தில் ஆறு பேர் எழுந்து நின்றார்கள்.

அக்டோபரில் பெடியன்கள் ஒரேயடியாக முப்பது கேட்டார்கள்.

"முப்பதா? என்னத்துக்கு மனே?"

"குளிருக்கு, அண்ணன்," என்றான் தம்பிமுத்து.

அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. அக்டோபர் முடிவில் கடன் இருநூற்றுப் பன்னிரண்டு. கட்டடம் இரண்டிலும் இருந்த தெறியே நூற்றிருபதுதான். இருக்கும் காசைவிடக் கடன் கூட என்று கண்டபோதுதான் அப்பாவுக்குப் பயம் பிடித்தது. கடன் எழுதும் கொப்பியை எடுத்துக்கொண்டு பின் கட்டடத்துக்குப் போனார்.

"இனிக் கட்டுப்பாடு. ஞாயிறு மட்டும் அக்காட்டச் சாப்பிடுங்க. மத்த ரெண்டு நாளும் பாண். மிச்சம் பிடிச்சுக் கடனக் கட்டுங்க."

"நல்லது அண்ணன்," என்றான் தம்பிமுத்து.

"பாணுக்கு என்ன கறி?" என்றான் பாக்கியராசா.

"தண்ணி," என்றார் அப்பா.

இந்த நேரத்தில்தான் அன்ரிக்கு அந்தச் செய்தி வந்தது. தெறி தைக்கும் லைனுக்குப் பொறுப்பாக இருந்த இத்தாலியப் பெண் டிசம்பரோடு நிற்கப்போகிறார். போர்மன் அன்ரியைக் கூப்பிட்டு, சனவரி நாலாம் திகதி முதல் நீ லைன் லீடராக வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். மணிக்கு ஒரு டொலர் எழுபது சதம் கூட. ஒரேயொரு நிபந்தனை: எட்டு மணிக்கு அல்ல, காலை ஆறரைக்கு மெஷின்களைத் திறக்கவேண்டும், ஒரு நாளும் தவறக்கூடாது. நவம்பர் கடைசித் திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும்.

அன்ரி கீழ் வாசலிலிருந்து படிகளில் ஓடி ஏறிவந்து இதை அம்மாவிடம் சொன்ன விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. ஆறு வருசமாக மற்றவர்கள் கை காட்டிய இடத்தில் தைத்தவர். "தெய்வநாயகி அக்கா, நான் கை காட்டப்போறன், பாருங்கோ!"

அதற்குக் காலை ஐந்தே காலுக்குப் பிள்ளைகளை அம்மாவிடம் விடவேண்டும். ஒரு நாளுக்கு மூன்றல்ல, நாலு தெறி. அன்ரியிடமோ, அப்பாவின் கட்டுப்பாடு தொடங்கிய நாள் முதல், கிழமைக்கு ஆறு தெறிதான் வந்தது. ஆறுக்கு இரண்டு நாள் பிள்ளை பார்க்கலாம். மற்ற மூன்று நாளும் அகஸ்ரின் அங்கிள் இரவு முழுக்க மா பிசைந்துவிட்டு வந்து, ஒரு கண்ணைத் திறந்து வைத்துப் பிள்ளைகளைப் பார்த்தார். ஒரு நாள் அந்தக் கண்ணும் மூடிவிட்டது. மூன்று வயது மகள் அன்ரனெற் பற்பசையை எடுத்து அவருடைய மீசைக்கு வெள்ளை அடித்துவிட்டாள். தேவாலயத்துக்குக் காரையும் அன்ரி நிறுத்தினார், பஸ்ஸில் போனார்.

எங்கள் வீட்டிலும் வரும்படி பதினெட்டிலிருந்து ஆறாகிவிட்டது. உடனே அம்மா செலவைச் சுருக்கினார். உடுப்பு மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். பெடியன்களுக்குக் கொடுத்தது எட்டிலிருந்து மூன்றானது. அவர்கள் மூன்று உழைத்து ஆறுக்குச் சாப்பிட்டார்கள்.

நாலு கிழமை கழித்து அப்பா கொப்பியைப் பார்த்தார். கடன் குறையவில்லை. இருநூற்று இருபத்துநாலு.

"சாப்பாட்டையும் குறைச்சாச்சு, கடனும் கூடியிரிக்கு. எங்கயோ களவு நடக்குது," என்றார் அப்பா.

நான் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் வட்டம் கீறி, அம்புக்குறி போட்டுக் காட்டினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கையை மூடினால் ஒருவருக்கும் வராது என்றேன். அப்பா உறையைத் திருப்பி, "இது மின்சார பில் எல்லோ, எங்க கட்டின ரசீது?" என்றார்.

நவம்பர் கடைசி ஞாயிறு. விடிந்தால் அன்ரி போர்மனுக்குப் பதில் சொல்லவேண்டிய நாள். பெடியன்கள் கிழமையின் ஒரே சாப்பாட்டுக்கு அன்ரியின் வீட்டுக்கு வந்தார்கள். நாங்களும் போனோம். தெறிகளை எல்லாம் மேசையில் கொட்டி எண்ணவேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். "தொடர்ந்து நடத்துறதா, கலைக்கிறதா எண்டு இண்டைக்கு முடிவு," என்றார். கலைத்தால் அன்ரிக்கு என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். காசு கொடுத்துப் பிள்ளை பார்க்க அவரால் முடியாது. லைன் லீடர் வேலை மட்டுமல்ல, இருக்கிற வேலையும் ஆட்டம்தான்.

எண்ணினோம். அப்பாவின் பேணியில் எழுபத்தொன்பது. அன்ரியிடம் ஏழு. பெடியன்களிடம் நாலு. தொண்ணூறு.

"முப்பது எங்க?" என்றார் அப்பா. மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். அந்தோனியாரைத் தூக்கிப் பார்த்தார்.

பெடியன்கள் ஆறு பேரும் கோப்பைகளை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அந்த மாதம் முழுக்க அவர்கள் ஒரு புதுப் பழக்கத்தோடு வந்தார்கள். வாசலுக்கு வெளியிலேயே கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியச் சுருட்டிக் கொண்டுவந்து, படுக்கையறையின் மூலையில் வைப்பார்கள். பெடியன்கள் மரியாதை பழகிவிட்டார்கள் என்று அம்மாகூட மெச்சினார். அந்த அறைக்குள் இருந்து அன்ரனெற் ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். கோட்டு அவளைவிட மூன்று மடங்கு.

"அம்மா, மாமான்ர கோட்டில காசு!"

கறுப்புக் கோட்டில் ஐந்து பச்சைத் தெறிகள், மேலிருந்து கீழாக, பித்தளை வளையம் மின்ன.

அகஸ்ரின் அங்கிள் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"இது என்ன மனே?"

தம்பிமுத்து எழுந்தான். "தேவாலயத்தில ஆறு கோட்டுத் தந்தாங்க, அண்ணன். நல்ல கோட்டு. தெறிதான் இல்ல. கடையில ஆறு தெறி ஒண்டரை டொலர் எண்டாங்க. கையில டொலர் இல்ல. தெறி இரிந்திச்சு."

"நான் தந்த கடன நெஞ்சில குத்திக்கொண்டு என்ட கண்ணுக்கு முன்னாலயே திரிஞ்சிரிக்கிறீங்க!"

"குளிருக்கு எண்டு சொன்னம்தானே அண்ணன்."

"நான் சாப்பாட்டக் குறைக்கச் சொல்லுறன், நீங்க காசை உடுத்துறீங்க!" அப்பா சுற்றுமுற்றும் பார்த்து, தையல் மெஷினின் மேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். "வெட்டுங்க. ஆறு கோட்டு, முப்பது தெறி. எல்லாத்தையும் மேசையில வையுங்க."

தம்பிமுத்துவின் முகம் கறுத்தது. ரோசக்காரன் அல்லவா? கத்தரிக்கோலை வாங்கி, தன் கோட்டின் மேல் தெறியை வெட்டி மேசையில் வைத்தான். இரண்டாவதற்கு நூலைத் தூக்கினான்.

வேரோனிக்கா அன்ரி அவன் கையைப் பிடித்தார்.

"பொறு. இஞ்ச தா." கத்தரிக்கோலைத் தன் இடுப்பில் செருகினார். "நாகமணி அண்ணை, ஒண்டு கேக்கிறன். உந்தத் தெறியை வெட்டினால் இவன் பனிக்குள்ள நெஞ்சைத் திறந்துகொண்டே சவல் பிடிக்கிறது?"

"அது அவன்ட பாடு."

"பனி அள்ளாட்டி உங்கட கடனை எதால கட்டுறது?"

அப்பா கொப்பியை எடுத்துப் புரட்டினார்.

"பிழை என்னிலயும் இருக்கு," என்றார் அன்ரி. பிரிட்ஜிலிருந்த தாளைக் கிழித்தெடுத்து மேசையில் வைத்தார். "இதை நான் சனவரியில எழுதினன். வெளியில மூண்டடி பனி. அந்த விலையைக் கோடைக்கும் வைச்சிட்டன். முந்தி இவங்களுக்குத் தங்கட துண்டு இருந்தது. கஷ்ரம் வந்தால் அது மலியும், வேலை வரும். அதைக் கிழிச்செறியேக்க நானும்தான் கை தட்டினன். அதுக்குப் பதிலா நாங்கள் என்ன குடுத்தம்? ஒரே காசு. ஆனால் பனி இல்லாத பாடு முழுக்க இவங்கட தலையில."

"அதுக்கு? கடன விடச் சொல்லுறியா தங்கச்சி? அப்ப ஒழுங்கா இருந்தவன் மடையனா?"

"விடச் சொல்லேல்லை. வட்டி கேக்கேல்லை நீங்கள், அது உங்கட நல்ல மனசு. ஆனால் அண்ணை, பேணிக்குள்ள எழுபத்தொன்பது தெறி. உங்களிட்ட இருக்கு எண்டுதானே மற்ற ஆக்களிட்ட இல்லை."

அம்மா இடையில் புகுந்தார். "எழுபத்தொன்பத வச்சு என்ன செய்யிறது, கறி ஆக்கவா? ஒரு வரிசமா அந்தக் காபெற்றக் கழுவல்ல. நேத்து உடுப்பு மூட்டை தூக்கி என்ட இடுப்பு இன்னும் நிமிரல்ல. உங்கட கொப்பி நிமிந்து நிக்குது, நான் குனிஞ்சு திரியிறன்."

பாக்கியராசா, "காபெற்ற நாளைக்கே கழுவலாம் அக்கா," என்றான். தம்பிமுத்து அவனை முறைத்தான்.

அன்ரி ஒரு பென்சில் எடுத்து அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதினார். பழைய கடன் இருநூற்று இருபத்துநாலும் பனி கொட்டுகிற நாளில் மட்டும் கட்டப்படும். அன்றைக்கு உழைப்பதில் பாதி. பனி இல்லாத நாளில் ஒருவரும் கேட்கக்கூடாது. இரண்டு பனிக்காலம் முடியக் கட்டியது கட்டியது. மிச்சம் போனது போனது. பேணியிலிருந்து அம்மா கிழமைக்குப் பத்துத் தெறியாவது வேலைக்குச் செலவழிக்கவேண்டும், பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும். கோடையில் தூக்குவேலை அரைத் தெறி. இது பெடியன்கள் சம்மதித்தால் மட்டும்.

எல்லோரும் தம்பிமுத்துவைப் பார்த்தோம். அரை என்ற சொல்லுக்காகத்தான் அவன் தெறிக்கு வந்தவன்.

"கார் ஓட்டமும் கோடையில அரைவாசியா?" என்று கேட்டான்.

அப்பா நிமிர்ந்தார். அம்மா முழங்கையால் இடித்தார்.

"சரி. ஒண்டரை," என்றார் அப்பா.

"அப்ப எங்களுக்கும் சரி."

"கோட்டில இருக்கிற தெறி?" என்றார் அப்பா. விடமாட்டார்.

"தைச்சது காசில்லை," என்றார் அன்ரி. "அதுக்குப் பதிலா நான் பையில இருந்து முப்பது எடுக்கிறன். அந்தோனியாருக்கும் பிள்ளையாருக்கும் சொல்லித்தான் எடுக்கிறன், எல்லாரும் சம்மதமெண்டால்."

"கள்ளமா வெட்டிக் கொண்டுவந்து காசு எண்டு தந்தா?"

"வெட்டினால் குளிரும், அண்ணை."

முதலில் சிரித்தது தம்பிமுத்துதான். பிறகு அப்பாவும். சிரித்துக்கொண்டே அந்த ஒரு தெறியைத் தம்பிமுத்துவிடம் கொடுத்தார். அன்ரி அதை அங்கேயே, மெஷினுக்கும் போகாமல் கையாலேயே, கோட்டில் தைத்துவிட்டார். பதினொரு வினாடிக்கும் குறைவு என்றார் அகஸ்ரின் அங்கிள்.

அடுத்த நாள் அன்ரி போர்மனிடம் 'ஓம், வாறன்' என்றார். உண்மையில் கடனாகச் சொன்ன ஓம் அது. கையில் ஏழு தெறிதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பனி கொட்டவில்லை. டிசம்பர் முதல் கிழமை வெறும் மழை. இரண்டாம் கிழமை வெயில்கூட அடித்தது. காபெற் கழுவியாகிவிட்டது, திரைச்சீலை கழுவியாகிவிட்டது, பெடியன்கள் மறுபடியும் மூன்று நாளும் சாப்பிட வந்தார்கள், அன்ரனெற் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வட்டம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அப்பாவின் கடன் மட்டும் அசையாமல் நின்றது.

பனி என்றால் நாலு வருசமாகத் திட்டியவர் அப்பா. இப்போது வானொலியில் வானிலை சொல்லும்போது எல்லோரையும் வாயை மூடச் சொன்னார். யன்னலில் நின்று வானத்தைப் பார்த்தார். தபால் கந்தோரில் யாரோ 'நல்ல வெதர்' என்று சொன்னதற்கு அவரோடு கதைப்பதை நிறுத்தினார். பின் கட்டடத்துக்குப் போய், "மனே, சவலெல்லாம் சரியா? கைப்பிடி இறுக்கமா? சாப்பிட்டீங்களா? காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?" என்று விசாரித்தார். பாக்கியராசா தும்மினால் இஞ்சி அனுப்பினார். ஒரு சனிக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனோம். அப்பா அருச்சனைத் தட்டை நீட்டினார். ஐயர் எதற்கு என்று கேட்டார்.

"பனி கொட்டவேணும், ஐயா."

ஐயர் வெளியே நின்ற எங்கள் காரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மந்திரத்தைத் தொடங்கினார்.

சனவரி மூன்று, ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் தொடங்கியது. முதலில் மா தூவுகிற மாதிரி, பிறகு மூட்டையோடு கொட்டுகிற மாதிரி. அப்பா யன்னலில் நின்று கை தட்டினார். எதிர்க் கதவில் அன்ரி நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் அப்பாவின் கை நின்றது.

நாளைக்கு நாலாம் திகதி. ஆறரைக்கு மெஷின் திறக்கவேண்டும். இப்படிக் கொட்டினால் காலையில் லோறன்ஸ் பஸ் வராது. எல்லோரும் வேண்டிக்கொண்ட பனி அவருடைய முதல் நாளிலேயே வந்து கதவை அடைக்கப்போகிறது.

"இப்ப என்ன செய்யிறது, அண்ணை?"

"நீ நேரத்துக்கு எழும்பு. மிச்சத்த நான் பாக்கிறன்," என்றார் அப்பா.

காலை நாலரைக்கு அப்பா பின் கட்டடத்துக் கதவை இடித்த சத்தம் எங்கள் யன்னலுக்குக் கேட்டது. "எழும்புங்கடா மக்காள்! பனி! பனி!" பேரப்பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்லுகிற மாதிரி ஒரு குரல்.

நான் அம்மாவின் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பார்த்தேன். காரைக் காணவில்லை, கார் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடு. தெருவிளக்கின் கீழே ஆறு பேர், ஆறு சவல், கழுத்துவரை பூட்டிய ஆறு கோட்டுகள். பச்சைத் தெறிகள் வரிசையாகத் தெரிந்தன. முன்னால் தம்பிமுத்து. காரைக் கிண்டியெடுத்தார்கள், பிறகு காரிலிருந்து தெருவரை ஒரு பாதை, பிறகு தெருவிலிருந்து லோறன்ஸ் வரை, நகரசபை வண்டி வருமுன்னர், தாங்களாகவே. அப்பா நடுவில் நின்று கையை ஆட்டி ஆட்டி வேலை காட்டினார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

ஐந்தே காலுக்கு அன்ரி இரண்டு பிள்ளைகளையும் அரைத் தூக்கத்தில் அம்மாவின் கையில் கொடுத்தார். கைப்பையைத் திறந்து நாலு தெறி எண்ணி வைத்தார். கீழே போய்க் காரில் ஏறும்போது மறுபடியும் பையைத் திறந்தார். எனக்கும் பின் சீற்றில் இடம் கிடைத்தது. எனக்கு ஆறு மணிக்கு டோனட் கடை.

"அண்ணை, வோர்டன் சப்வே வரைக்கும் எவ்வளவு? கோயில் தூரம் இல்லைத்தானே, ஆனால் பனி."

"வை உள்ளுக்கு."

"இல்லை அண்ணை, விலை எண்டால் விலை. நானே எழுதி ஒட்டிப்போட்டு..."

"தங்கச்சி, இண்டைக்குப் பனி," என்றார் அப்பா, கண்ணாடியைத் துடைத்தபடி. "இண்டைக்கு எனக்கு வரும்படி நாள். ஆறு பேரும் பத்தொன்பது தெறி வேலை செஞ்சிரிக்காங்க. பாதி எனக்குக் கடனில கழியுது. முதல் தவணை. அதக் கெடுக்காத."

"பத்தொன்பதில பாதி ஒன்பதரை, அண்ணன். அரைத் தெறிக்கு என்ன செய்யிறது?" என்று வெளியிலிருந்து தம்பிமுத்து கேட்டான். மூச்சு புகை புகையாக வந்தது.

"கோடையில பாப்பம். தள்ளடா மனே!"

ஆறு பேரும் பின்னால் கை வைத்துத் தள்ளினார்கள். கார் ஒரு பக்கம் சறுக்கி, மறுபக்கம் சறுக்கி, பிறகு நேராகியது. பாக்கியராசா பனிக்குள் விழுந்து எழுந்து கை காட்டினான்.

வோர்டனில், நிலக்கீழ் ரயில் நிலைய வாசலில், அன்ரி இறங்கி ஓடினார். படியில் நின்று திரும்பி, ஏதோ சொன்னார். யன்னல் மூடியிருந்ததால் கேட்கவில்லை. பின்னேரம் வந்துதான் எங்களுக்குத் தெரியும்: ஆறு இருபத்தேழுக்கு அவர் தொழிற்சாலைக் கதவில் நின்றிருக்கிறார். அந்த லைனில் இருபத்திரண்டு பேர். அன்றைக்கு நேரத்துக்கு வந்தது அவர் ஒருவர்தான். போர்மனே ஏழேகாலுக்குத்தான் வந்தாராம். அன்ரி மெஷின்களைத் திறந்துவிட்டு, ஆள் இல்லாத லைனின் நடுவில் நின்று, ஒருவருமில்லாத கதிரைகளுக்குக் கை காட்டிப் பழகிப் பார்த்தாராம்.

இரண்டாவது பனிக்காலம் போன மார்ச்சில் முடிந்தது. கடனில் நாற்பத்தொன்று மிச்சம். அதற்குள் தம்பிமுத்துவுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் அனுமதிக் கடிதம் வந்து, தம்பிமுத்து இப்போது அப்பாவோடு தபால் பிரிக்கிறான். நாற்பத்தொன்றையும் டொலராகக் கட்டுகிறேன் என்று ரோசத்தோடு வந்து நின்றான். அப்பா கொப்பியை எடுத்தார், கோடு போட்டார், மூடினார்.

"எழுதினது எழுதினது. பனி கொட்டல்ல, நான் கேக்கல்ல," என்றார். பிறகு யன்னலால் வெளியே பார்த்தார். ஏப்பிரலிலும் சில வருசம் கொட்டுவதுண்டு.